தாடியஸ் ஸ்டீவன்ஸ்

அமெரிக்க நாட்டில் அடிமைத்தளை அறுந்த வரலாற்றைக் கூறுங்கால் ஆபிரகாம் லிங்கனை அறியாத இளைஞர் நம்மிடையே இலர். லிங்கன் மறைந்தபின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைக்காகக் குடியரசுத் தலைவரையே எதிர்த்து மன்றத்துள் போராடிய தாடியஸ் ஸ்டீவன்ஸை அறிந்தோர் சிலரே. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

1792-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்து டான்வில் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கால் வளைந்திருந்தது. தந்தை குடும்பத்தைக் கைவிட, தாய் சாரா தம் உழைப்பால் நான்கு ஆண்மக்களையும் ஆளாக்கினார். டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்ற ஸ்டீவன்ஸ் சிறிது காலம் ஆசிரியராக இருந்து, பின் பென்சில்வேனியாவில் வழக்கறிஞரானார். அங்கு இலவசப் பள்ளிகளை ஏற்படுத்திய 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தை மறு ஆண்டே நீக்க முயன்றனர். மாநில மன்றத்தில் அவர் ஆற்றிய உரை அச்சட்டம் நிலைக்கப் பெரிதும் துணை செய்தது. ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகின்றது.

1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டு இறக்க, துணைத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் குடியரசுத் தலைவரானார். அந்நாட்டு நாடாளுமன்றத்திற்குக் காங்கிரஸ் என்று பெயர்; நம் நாட்டுக் கட்சியோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அம்மன்றம் டிசம்பரில்தான் கூடியது. இடைப்பட்ட திங்களில் ஜான்சன் பழைய எசமானர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். விடுதலை பெற்றோர் உழுதுகொண்டிருந்த நிலங்களையும் மீட்டு அவர்களிடமே தந்தார். தென்மாநிலங்களில் மீண்டும் ஆட்சியேறியவர்கள், கறுப்பின மக்களை வயலோடு பிணைக்கும் சட்டங்களை இயற்றினர். பண்ணையாள் முறையைக் கண்ட நம் மூத்தோர்க்கு அவற்றை விளக்க வேண்டுவதில்லை.

டிசம்பரில் மன்றம் கூடியபோது தென்மாநிலத்தாரின் பெயர்கள் அழைக்கப்படவே இல்லை. ஸ்டீவன்ஸ் அணியினரின் ஏற்பாடு அது. மோதல் அன்றே தொடங்கிற்று.

நம் அரசியலமைப்பின்படி குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவை ஒருமுறை திருப்பியனுப்பலாம். மீண்டும் நிறைவேறினால் ஒப்புதல் தந்தே ஆகவேண்டும். அமெரிக்காவிலோ, தலைவர் மறுத்த மசோதா சட்டமாக வேண்டுமாயின் ஈரவையிலும் மூன்றில் இரு பங்கினர் ஆதரவு வேண்டும். 1866 பிப்ரவரியில் ஜான்சன் மறுத்த மசோதா, செனட் சபையில் அவ்வளவு ஆதரவு கிட்டாமல் வீழ்ந்தது. ஏப்ரலில் குடியுரிமைச் சட்டம் அவர் மறுப்பை மீறி நிறைவேறியது. அவ்வாண்டுத் தேர்தலில் ஸ்டீவன்ஸ் கட்சி பெருவெற்றி பெறவே, 1867 மார்ச் 2-ஆம் நாள் தென்மாநிலங்களில் கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமைக்கு வழிசெய்த சட்டம், தலைவர் மறுத்த அன்றே மீண்டும் நிறைவேற்றப்பட்டது.

ஆயினும் பெருநிலக்கிழார்களின் நிலத்தைப் பறித்து, விடுதலை பெற்ற ஒவ்வொரு குடும்பத்திற்கும் 40 ஏக்கர் வழங்கவேண்டும் என்னும் அவர் திட்டம் நிறைவேறவில்லை. இதில் அவரைத் தோற்கடித்தவர் ஜான்சன் அல்லர், அவர்தம் கட்சியினரே. வாக்குச்சீட்டு தருவது எளிது, நிலம் தருவது அரிது என்பதை அன்றே அம்மன்றம் காட்டிவிட்டது.

1868 பிப்ரவரியில் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை ஜான்சன் சட்டத்தை மீறி நீக்கினார். பிரதிநிதிகள் சபை 47-க்கு எதிராக 126 வாக்குகளால் அவர்மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டைச் சுமத்தியது. நம் கருத்தில் அக்குற்றச்சாட்டு மெலிந்த ஒன்றே. ஏழை மக்களுக்கு இழைத்த தீங்கை விட்டு, அமைச்சர் ஒருவரின் பதவியைப் பற்றிக்கொண்டனர். நோயுற்றிருந்த ஸ்டீவன்ஸை நாற்காலியில் வைத்துச் செனட் சபைக்குத் தூக்கிவந்தனர். மே 16-இல் 35 பேர் குற்றவாளி என்றனர். 19 பேர் இல்லை என்றனர். வேண்டியது 36. ஒரு வாக்கில் ஜான்சன் தப்பினார்.

ஆகஸ்டு 11 நள்ளிரவில் ஸ்டீவன்ஸ் மறைந்தார். இன வேறுபாடு பாராட்டிய இடுகாடுகளில் தம் உடல் கிடக்கலாகாது என்று, எவரையும் ஏற்ற சிறிய இடுகாடொன்றை லங்காஸ்டர் நகரில் அவர் முன்பே தேர்ந்திருந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தம் செல்வத்தில் ஒரு பகுதி, நிறம் பாராது அனாதைக் குழந்தைகளைச் சேர்க்கும் இல்லத்திற்கு ஆகவேண்டுமென்று விருப்பமுறியில் எழுதிவைத்திருந்தார்.