மகாத்மா பூலேயின் பள்ளிக்கூடத் தொண்டு

பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்து வைப்பது சுலபம். அதனைப் பத்து வருஷம் நடத்துவது கடினம். திறப்பு விழாவன்று பந்தலடியில் அமரக் கனவான்கள் பலர் வருவார்கள். உபாத்தியாயரின் சம்பளத்துக்கு மாதந்தோறும் பணம் தேடவும், வராத பிள்ளையின் வீட்டுத் திண்ணைக்குச் சென்று காரணம் விசாரிக்கவும், வரவு செலவுக் கணக்கை ஊரார் முன் வைக்கவும் முன்வருவோர் மிகச் சிலரே. இந்த ஆரவாரமற்ற வேலைதான் நிர்வாகக் கமிட்டியின் வேலை. அதன் பெருமையையும் கசப்பையும் ஒருங்கே அறிந்தவர் பூனா நகரத்து ஜோதிராவ் பூலே. அவரைச் சாதிக் கொடுமையை எதிர்த்த வீரராக நம்மவர் அறிவர். பள்ளி நிர்வாகியாக அவர் உழைத்த வரலாறு அவ்வளவு பிரசித்தம் அன்று. அதனை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1827-ஆம் வருஷம் பிறந்த ஜோதிராவ், தோட்டப் பயிரும் பூ வியாபாரமும் செய்யும் மாலி வகுப்பைச் சேர்ந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். தந்தை கோவிந்தராவ் அவரைப் பள்ளிக்கு அனுப்பினார். எழுத்து கற்றால் பையன் தோட்ட வேலைக்கு உதவமாட்டான் என்று சிலர் ஓதிய போதனைக்கு இணங்கிப் பின்னர் நிறுத்தியும் விட்டார். அண்டையில் வசித்த முஸ்லிம் முன்ஷி ஒருவரும், கிறிஸ்தவப் பெரியவர் ஒருவரும் தந்தைக்கு எடுத்துச் சொன்னதன் பயனாக, 1841-இல் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் அவர் படிப்பு மீண்டும் தொடங்கியது. ஊரில் நாலு பேர் சொல்லும் சொல் ஒரு பிள்ளையின் கல்வியை அழிக்கவும் வல்லது, காக்கவும் வல்லது என்னும் பாடத்தை அவர் தம் வாழ்விலேயே கற்றுக்கொண்டார்.

1848-இல் பிராமண நண்பர் ஒருவரின் கல்யாண ஊர்வலத்தில் உடன் சென்றதற்காக அவர் அவமதிக்கப்பட்டார். அந்தப் புண்ணை ஆற்ற அவர் தேடிய மருந்து கல்வி. அகமதுநகரில் அமெரிக்க மிஷனார் நடத்திய பெண் பள்ளியைக் கண்டு வந்த அவர், அதே வருஷத்தில் பூனா புதவார் பேட்டையில் பிடே என்பவரின் வீட்டில் பெண்களுக்கெனப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். உபாத்தியாயினிகள் கிடைப்பது அரிதான அக்காலத்தில், தம் மனைவி சாவித்திரிபாய்க்குத் தாமே எழுத்தறிவித்து அப்பணிக்குத் தயார் செய்தார். பள்ளிக்குச் செல்லும் வழியில் அந்த அம்மையார் மீது சேறும் சாணமும் வீசப்பட்டன. ஜனங்களின் தூஷணைக்கு அஞ்சிய தந்தை, பள்ளியைக் கைவிட வேண்டும், இல்லையேல் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றார். தம்பதிகள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பொருளின்மையால் அந்த முதற் பள்ளியும் நிலைக்கவில்லை.

தனி மனிதரின் தியாகம் எவ்வளவு பெரிதாயினும் அதனைக் கொண்டு மட்டும் பள்ளி நடவாது என்பதை ஜோதிராவ் உணர்ந்தார். 1851 ஜூலையில் அதே பேட்டையில் மீண்டும் தொடங்கிய பெண் பள்ளிக்கு நிர்வாகக் கமிட்டி ஒன்று அமைந்தது. அவ்வருஷம் செப்டம்பரில் ராஸ்தா பேட்டையிலும், 1852 மார்ச்சில் வேதாள் பேட்டையிலும் பள்ளிகள் ஏற்பட்டன. மஹார், மாங்கு முதலிய தீண்டாதார் எனப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் திறக்கப்பட்டன. அவற்றை நடத்த 1853-இல் தனிச் சபை அமைந்தது. சதாசிவ பல்லாள் கோவண்டே, மோரோ விட்டல் வாள்வேகர் முதலிய பிராமண நண்பர்கள் அவருக்குத் தோள் கொடுத்தார்கள். சந்தா வசூலித்தார்கள், ஐரோப்பியக் கனவான்களிடமும் நன்கொடை பெற்றார்கள். பேஷ்வாக்கள் காலத்தில் பண்டிதர்களுக்குத் தானமாய்ச் சென்றுகொண்டிருந்த தட்சிணா நிதியிலிருந்தும் உதவி கிடைத்தது. ஜனங்கள் கூடியிருக்கப் பகிரங்கப் பரீட்சை நடத்தி, பெண்கள் கற்றதை ஊரறியச் செய்தார்கள். 1852 நவம்பரில் சர்க்கார் ஜோதிராவுக்குச் சால்வை அளித்துக் கௌரவித்தது.

ஆயினும் கமிட்டி ஒற்றுமையுடன் நீடிக்கவில்லை. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடும் அளவு கல்வி போதும் என்று உறுப்பினர் சிலர் கருதினர். தமக்கு நன்மை எது, தீமை எது என்று பகுத்தறியும் ஆற்றல் அவர்களுக்கு வரும்வரை கற்பிக்க வேண்டும் என்பது ஜோதிராவின் கொள்கை. கட்டிடமும் பலகையும் பற்றி அபிப்பிராய பேதம் இருந்திருந்தால் சமரசம் செய்திருக்கலாம். பள்ளியின் நோக்கத்திலேயே பேதம் ஏற்பட்ட பிறகு சமரசத்துக்கு இடமில்லை. ஒன்பது பத்து வருஷ உழைப்புக்குப் பின் அவர் விலகினார். பெண் பள்ளிகளைக் கமிட்டி சர்க்கார் கல்வி இலாகாவிடம் ஒப்படைத்தது. தாழ்த்தப்பட்டோர் பள்ளி பிற்காலத்தில் திருப்திகரமான நிலையில் இல்லை என்று அவரே வருத்தத்துடன் குறித்திருக்கிறார்.

பின்னர் அவர் கட்டுமானக் காண்டிராக்டு தொழில் செய்தார். 1873-இல் சத்தியசோதக சமாஜத்தை நிறுவினார். 1876 முதல் 1882 வரை பூனா முனிசிபாலிடியில் அங்கத்தினராக இருந்தார். வைஸ்ராய் ஒருவரின் வரவேற்பு அலங்காரத்துக்கு ஆயிரம் ரூபாய் செலவிடலாம் என்ற யோசனை வந்தபோது, அப்பணத்தை ஏழைகளின் கல்விக்குச் செலவிடலாம் என்று தனித்து நின்று அவர் எதிர்த்ததாக அவரது சரித்திரக்காரர்கள் கூறுகிறார்கள்.

அவரது அனுபவம் முழுவதும் திரண்டு வெளிப்பட்டது 1882 அக்டோபரில். ஹண்டர் தலைமையில் இந்தியா சர்க்கார் நியமித்த கல்விக் கமிஷனுக்கு அவர் நீண்டதோர் அறிக்கை சமர்ப்பித்தார். கஜானாவை நிரப்புவது குடியானவனின் வியர்வை. அதில் பெரும்பங்கு மேல்வகுப்பாரின் உயர்தரக் கல்விக்குச் செல்கிறது என்பது அதன் சாரம். பன்னிரண்டு வயது வரையிலாவது ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார். நிலவரியுடன் வசூலிக்கும் ஸ்தல நிதி வரியில் பாதியையேனும் ஆரம்பக் கல்விக்கென ஒதுக்கக் கோரினார். உபாத்தியாயர்கள் பயிற்சி பெற்றவர்களாயும், கூடியவரை குடியானவ வகுப்பினராயும் இருக்க வேண்டும். மாதச் சம்பளம் பன்னிரண்டு ரூபாய்க்குக் குறையலாகாது. பாடத்தில் எழுத்து, கணக்குடன் விவசாயமும் சுகாதாரமும் சேர வேண்டும் என்று வற்புறுத்தினார்.

மேற்பார்வை பற்றி அவர் கூறியது நமது தனிக் கவனத்துக்குரியது. இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு முறை வந்து போவதால் பயனில்லை. மூன்று மாதத்துக்கொரு முறையேனும், முன்னறிவிப்பின்றியும் வர வேண்டும். வேறு பல அலுவல்களில் மூழ்கிய ஜில்லா, கிராம அதிகாரிகளை நம்பியிருப்பது வீண். அவர்கள் செய்யும் பரிசோதனை மேலெழுந்தவாரியானது என்றார். பள்ளியைக் கட்டி நடத்திப் பார்த்தவர்தாம் இவ்வளவு நுணுக்கமாகப் பேச முடியும்.

கமிஷன் கட்டாயக் கல்வியைச் சிபாரிசு செய்யவில்லை. 1890 நவம்பர் 28-ஆம் தேதி ஜோதிராவ் காலமானார். 1911-இல் கோகலே கொண்டுவந்த கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவும் மறு வருஷம் தோற்றது. ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கும் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. பூலேயின் அறிக்கைக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே கழிந்தவை 127 வருஷங்கள். அதற்குள் எழுத்தறியாமல் மாண்ட தலைமுறைகள் எத்தனை!

அந்தச் சட்டத்தின்படி, சர்க்கார் பள்ளிகளில் நிர்வாகக் குழு அமைய வேண்டும். அங்கத்தினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடம் அளிக்க வேண்டும். பள்ளி நடக்கும் விதத்தைக் கவனிப்பதும், அபிவிருத்தித் திட்டம் தயாரிப்பதும், மானியம் செலவாவதைக் கண்காணிப்பதும் குழுவின் கடமைகள். யாருடைய பிள்ளை படிக்கிறதோ அவர் கையிலேயே மேற்பார்வை வந்திருக்கிறது. பூலேயின் கமிட்டியில் இல்லாதிருந்த அம்சம் இதுவே.

ஆனால் சட்டம் நாற்காலியைத் தான் போடும்; அதில் அமர்ந்து கேள்வி கேட்க வேண்டியவர் மனிதர். தலைமை ஆசிரியர் நீட்டும் தாளில் கையொப்பமிடுவதோடு குழுவின் வேலை முடிந்துவிடுமாயின், குடியானவனின் பிள்ளைக்குக் கையெழுத்து போதும் என்று சொன்ன பழைய கனவான்களே வென்றவர்களாவார்கள். தேச காரியத்தில் ஈடுபட்ட நமது நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். பொதுக்கூட்ட மேடைகள் உங்களுக்காகக் காத்திருக்கும். உங்கள் ஊர்ப் பள்ளியின் அடுத்த குழுக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். கூலி வேலைக்குப் போகும் தாயும் அங்கு வந்து பேச வழி செய்யுங்கள். மானியக் கணக்கைக் கேளுங்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் ஜாபிதாவைக் கேளுங்கள். ஜோதிராவ் பூலேக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.