துத்தங்களைத் தனி இனமாகப் பிரித்த மருத்துவர் அர்-ராஸி

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நம் பிள்ளைகள் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நீல நிற மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்கினால் அது வெள்ளைத் தூளாகிவிடும். ஆறிய பின் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் மீண்டும் நீலமாகும். முதலில் இருந்தது நீரேறிய உப்பு. சூடாக்கிய பின் கிடைத்தது நீரற்ற உப்பு. மயில்துத்தம், அன்னபேதி போன்ற இந்தத் துத்த வகைகளை ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தனி இனமாகப் பிரித்து எழுதியவர் அபூபக்கர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி.

ஹிஜ்ரி 251-இல் (கி.பி. 865) இன்றைய ஈரானில் உள்ள ரை நகரில் பிறந்தார். ஊர்ப் பெயரே அவருக்கு 'ராஸி' என்று நிலைத்தது. மருத்துவத்துக்கு அவர் வந்தது சற்றுத் தாமதமாகத்தான் என்கிறார்கள். ஆனாலும் ரை நகரிலும் பின்னர் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக உயர்ந்தார். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டிய அவரது நூல் பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றது. மருத்துவரை அணுக வசதியில்லாத ஏழைகளுக்காகவும் ஒரு நூல் எழுதினார்.

அவருடைய இன்னொரு உலகம் ரசாயனம். அக்காலத்தில் இக்கலையைப் பற்றி எழுதிய பலர் மறைபொருளிலும் குறியீடுகளிலும் எழுதினர். ராஸியோ 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் எந்தப் பொருள், எந்தக் கருவி, எப்படிச் செய்வது என்று வெளிப்படையாக எழுதினார். உலை, துருத்தி, மூசை, இடுக்கி, வாலை என்று கருவிகளையும் பட்டியலிட்டார். தாதுப் பொருள்களை ஆறு வகையாகப் பிரித்தார். பாதரசம், கந்தகம், நவச்சாரம் போல நெருப்பில் ஆவியாகிப் பறப்பவை ஒரு வகை. உலோகங்கள், கற்கள், துத்தங்கள், வெண்காரங்கள், உப்புகள் மற்ற ஐந்து. அரபியில் துத்தங்களுக்கு 'ஸாஜ்' என்று பெயர்.

துத்தங்களுக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்பதை இன்றைய வேதியியல் கணக்கோடு சொல்கிறது. மயில்துத்தத்தில் ஒரு காப்பர் சல்பேட்டுடன் 5 நீர் மூலக்கூறுகள் சேர்ந்துள்ளன. 100 கிராம் மயில்துத்தத்தில் சுமார் 36 கிராம் தண்ணீர்தான். அன்னபேதியில் 7 நீர் மூலக்கூறுகள். அதன் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் தண்ணீர். கையில் எடுத்தால் ஈரமே தெரியாது. இதற்குப் படிக நீர் என்று பெயர்.

மூலக்கூறு என்ற கருத்தும் இந்தக் கணக்கும் ராஸியின் காலத்தில் இல்லை. மலிவான உலோகத்தைப் பொன்னாக்கலாம் என்று அவரும் நம்பினார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. ஆனால் அதற்காக அவர் சுட்டும் கரைத்தும் வடித்தும் எழுதிவைத்த முறைகளும் வகைப்பாடும் நிலைத்தன.

அதற்கு அவர் கொடுத்த விலை சிறியதல்ல. கடைசிக் காலத்தில் பார்வையை இழந்தார். ரசாயனப் புகையும் அதற்கு ஒரு காரணம் என்று கூறப்படுகிறது. ஹிஜ்ரி 313-இல் (கி.பி. 925) ரை நகரிலேயே காலமானார். அவர் எழுதிய நூல்களைத் தேடிப் பட்டியலிட்ட அறிஞர் அல்-பிரூனி 180-க்கும் மேற்பட்ட தலைப்புகளைக் குறித்துள்ளார்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை நீலத் தூள் வெண்மையான கதையைச் சொல்லும்போது, ரை நகரத்து மருத்துவரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மயில்துத்தம் நஞ்சு என்பதால் சோதனையை மட்டும் ஆசிரியர் முன்னிலையிலேயே செய்யட்டும்.