மின்னைத் தேக்கிய கஸ்தோன் பிளாந்தே

மாரிக்காலத்து நீரைக் குளத்திலே தேக்கிக் கோடையிற் பயன்கொள்ளுதல் பண்டுதொட்டு மக்கள் அறிந்த செயலாகும். மின்னையும் அவ்வாறு தேக்கிவைத்து வேண்டும்போது பெறலாமெனச் செய்து காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானியாகிய கஸ்தோன் பிளாந்தே. மோட்டார் வண்டியைத் தொடக்கும் ஈய மின்கலத்தை அறியாதார் இன்று இலர். அதனை ஆக்கியோன் பெயரை அறிந்தாரோ மிகச் சிலர்.

பிளாந்தே 1834 ஆம் ஆண்டு ஏப்பிரல் 22 ஆந் திகதி தென்மேற்குப் பிரான்சிலுள்ள ஒர்தேஸ் என்னும் ஊரிற் பிறந்தார். இவருடைய இளவல் பிரான்சிஸ் பியானோ இசையிற் பெரும்புகழ் ஈட்டியவர். கஸ்தோன் 1854 இல் பாரிசு நகரத்துத் தொழிற்கலைக் கல்விக்கூடத்திற் பௌதிக உதவியாளராக அமர்ந்தார். மறுவருடம் மூடோன் என்னுமிடத்திலே, மிகப் பழங்காலத்துப் பெரும்பறவையொன்றன் புதைபடிவ எலும்பைக் கண்டெடுத்தார். அப்பறவை இவர் பெயரால் இன்றும் கஸ்தோர்னிஸ் எனப்படுகின்றது.

எனினும் இவர் உள்ளத்தைக் கவர்ந்தது மின்னே. மின்னோட்டம் பாய்ந்த உலோகத் தகடுகள், அவ்வோட்டம் நின்றபின்னர்ச் சிறிதுபோது எதிர்த்திசையில் மின்னைத் தருமென்பதை ஜெர்மானியராகிய ரித்தர் முன்னரே கண்டிருந்தார். ஈயத்தின் தகுதியைச் சின்ஸ்தேடன் 1854 இல் உணர்ந்தார். பிளாந்தே பல உலோகங்களையும் ஒப்புநோக்கி ஈயமே சிறந்ததெனத் தேர்ந்து, 1859 இல் தமது கலத்தை அமைத்தார். இரண்டு ஈயத்தகடுகளை ஒன்றையொன்று தொடாவண்ணம் இடையீடிட்டுப் பாய்போலச் சுருட்டி, ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்த்தினார். மின்னேற்றுங்கால் ஒரு தகட்டிற் கபிலநிற ஈயப் பேரொட்சைட்டு படியும். மற்றையது ஈயமாகவே நிற்கும். அவ்விரண்டுக்குமிடையே ஏறக்குறைய 2 உவோற்று அழுத்தம் தோன்றும். ஆனால் புதிய தகடு மிகச் சிறிதளவு மின்னையே கொள்ளும். பன்முறை ஏற்றியும் இறக்கியும், திசைமாற்றியும் ஓய்வுகொடுத்தும், மாதக்கணக்கிற் பழக்கினாலன்றி அது பயன்படாது. அவ்வளவு பொறுமை பிளாந்தேயிடம் இருந்தது.

1860 இல் ஒன்பது கலங்கள் கொண்ட தொகுதியொன்றைப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின்முன் வைத்தார். ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நின்றது. தைனமோ வழக்கிலில்லாத அக்காலத்தில் இக்கலங்களுக்கு மின்னேற்ற வேறு கலங்களே வேண்டியிருந்தன. இருபது கலங்களைத் தொடராக இணைத்து ஏற்றுவதாயின் 40 உவோற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். அதற்கு இருபதுக்கு மேற்பட்ட புன்சன் கலங்கள் தேவை. அவ்வளவு கலங்களைக் கூட்டவல்லார்க்குச் சேமிப்புக் கலம் எதற்கு?

இவ்வினாவுக்குப் பிளாந்தே கண்ட விடை ஓர் ஆளியாகும். உருளையொன்றிலே உலோகப் பட்டிகளைப் பதித்து, ஒவ்வொரு கலத்தின் இரு முனைகளினின்றும் வரும் கம்பிகள் அதன்மேல் அழுந்துமாறு செய்தார். உருளை ஒரு நிலையில் நிற்கையில் நேர்முனைகள் யாவும் ஒருங்கிணையும், எதிர்முனைகளும் அவ்வாறே. அச்சமாந்தர நிலையில் இரண்டே புன்சன் கலங்கள், காலம் சென்றாயினும், அத்தனை கலங்களையும் நிரப்பிவிடும். பின் உருளையைச் சற்றே திருப்ப, ஒன்றன் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையைத் தொட்டுத் தொடர்நிலை உண்டாகும். இருபது கலங்களும் சேர்ந்து 40 உவோற்றை நல்கும். ஒரு கம்பியையும் கழற்ற வேண்டுவதில்லை. சிறுகச் சேர்த்துப் பெருகக் கொடுக்கும் உபாயம் இதுவே.

இவ்வழியிலே முன்னேறி 800 கலங்கள்வரை கூட்டி, மின்னல் முதலிய இயற்கைத் தோற்றங்களை ஆய்ந்தார். 1877 இல் அதே நெறியை மைக்கா ஒடுக்கிகளுக்கும் ஏற்றி, நெடும்பொறி எழுப்பும் கருவியொன்றை ஆக்கினார். தம் ஆராய்ச்சிகளை 1879 இல் நூலாக வெளியிட்டார்.

கிராம் என்பாரின் தைனமோ 1871 இல் வந்தபின்னரே சேமிப்புக் கலத்துக்கு உரிய காலம் கனிந்தது. தகட்டின்மேல் ஈயச் சேர்வையைப் பூசும் முறையைப் போர் என்பவர் 1881 அளவிற் புகுத்த, மாதக்கணக்கான பழக்கல் மிகக் குறைந்தது. கலம் வணிகப் பொருளாயிற்று. பிளாந்தே 1889 மே 21 ஆந் திகதி, இளமையிற் பறவையெலும்பு கண்ட மூடோனைச் சார்ந்த பெல்வியூவிலே, ஐம்பத்தைந்தாம் வயதிற் காலமானார்.

இன்றைய மின்னிரசாயன ஆய்வுகூடங்களில், ஒரே அளவுகருவியைப் பல கலங்களோடு முறைமுறையாக இணைக்கும் தானியங்கு ஆளிகள் உள்ளன. பிளாந்தேயின் உருளைக்கும் அவற்றுக்கும் நோக்கம் வேறு. ஆயினும் கலங்களை அசைக்காது இணைப்பை மட்டும் மாற்றி, சிறு வளத்தைப் பலவற்றுக்கும் பயன்படுத்தும் நெறி ஒன்றே. வசதி வரும்வரை காத்திராது, உள்ளதைக்கொண்டே வழிகண்ட அவ்வறிஞரின் வாழ்வு, கருவி குறைந்த பாடசாலைகளிற் பயிலும் மாணவர்க்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.