நெல்லிக்கனியைத் தின்னாத மன்னன்

பள்ளிக்கூட வாசலில் கூடை வைத்து நெல்லிக்காய் விற்பார்கள். உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்று, மேலே ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தொண்டையெல்லாம் இனிக்கும். அந்த இனிப்பை அறியாத குழந்தை தமிழ்நாட்டில் உண்டா?

அந்த நெல்லிக்கு ஒரு கதை உண்டு. கதைக்கு ஒரு மன்னன் உண்டு. அவன் ஊர் தகடூர். இன்று அதன் பெயர் தர்மபுரி. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் அதியமான்கோட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்த அதியமான்தான் அவன். முழுப்பெயர் அதியமான் நெடுமான் அஞ்சி. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன்.

அவனுடைய முன்னோர்கள்தான் தமிழ்நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூறு சொல்கிறது. பொங்கலுக்குக் கரும்பு கடிக்கும்போது யாருக்கு இது நினைவுக்கு வருகிறது!

அதியமான் பெரிய பேரரசன் அல்ல. சேர, சோழ, பாண்டியர் என்ற மூவருக்கு நடுவே மலைநாட்டை ஆண்ட சிறிய மன்னன். ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் புலி. வீட்டுக்கு வந்துவிட்டால் குழந்தை. ஊர்ப் பிள்ளைகள் தந்தத்தைத் தேய்த்துக் கழுவும்போது குளத்தில் பேசாமல் படுத்திருக்கும் யானையைப் போல, நம்மிடம் அவன் சாது. அதே யானைக்கு மதம் பிடித்தால் எப்படியோ, பகைவரிடம் அவன் அப்படி. இப்படி அவனைப் பாடியவர் அவ்வையார்.

வாசலில் வந்த கோபம்

அவ்வையார் என்றதும் கையில் கோல், தலையில் நரை, கூன் விழுந்த முதுகு என்று ஒரு பாட்டி நம் கண் முன் வந்து நிற்பாள். ஆத்திசூடி பாடிய அவ்வையார் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தவர். அதியமானின் தோழியான அவ்வையார் வேறு. இவர் கண்ணுக்கு மை தீட்டி, நகை அணிந்த விறலியாக ஒரு பாட்டில் வருகிறார். சங்க நூல்களில் இவர் பெயரில் 59 பாட்டுகள் இருக்கின்றன.

முதலில் இருவருக்கும் ஒரு மனத்தாங்கல். அவ்வையார் பரிசில் கேட்டுத் தகடூருக்கு வந்தார். அதியமான் உடனே கொடுக்கவில்லை. நாளைக் கடத்தினான். அவ்வையாருக்கு வந்ததே கோபம்! வாயில்காப்போனைப் பார்த்துச் சொல்லிவிட்டார். உன் மன்னனுக்குத் தன் தரம் தெரியவில்லையா, அல்லது என் தரம் தெரியவில்லையா? கோடரி பிடித்த தச்சன் மகனுக்கு எந்தக் காட்டுக்குப் போனாலும் மரம் கிடைக்கும். எங்களுக்கும் எந்தத் திசைக்குப் போனாலும் சோறு கிடைக்கும். இதுதான் அவர் சொன்னதன் கருத்து. சொல்லிவிட்டு மூட்டையையும் கட்டிவிட்டார்.

அதியமான் ஏன் தாமதித்தான்? கொடுத்துவிட்டால் போய்விடுவாரே என்றுதான் என்று சொல்வதுண்டு. எப்படியோ, அவ்வையார் போகவில்லை. பிறகு அவரே பாடினார்: ஒரு நாள் போனாலும் சரி, பல நாள் பலரோடு போனாலும் சரி, முதல் நாள் காட்டிய அன்பையே காட்டுவான். பரிசில் இன்று வரலாம், நாளை வரலாம். ஆனால் யானை தன் கொம்புகளுக்கு இடையே வைத்துக்கொண்ட கவளத்தைப் போல, அது எங்கும் போய்விடாது.

கிடைத்தற்கரிய கனி

ஒரு நாள் அதியமான் கையில் ஒரு நெல்லிக்கனி கிடைத்தது. சாதாரண நெல்லி அல்ல. பெரிய மலையின் பிளவிலே, ஆள் ஏற முடியாத இடத்திலே பழுத்தது. அதை உண்டவர் நெடுங்காலம் வாழ்வார் என்பது அக்கால நம்பிக்கை.

அவன் போர்வீரன். நாலு பக்கமும் பகை. அந்தக் கனி யாருக்குத் தேவை? அவனுக்குத்தானே!

அவன் தின்னவில்லை. அவ்வையாரை அழைத்து அவர் கையில் கொடுத்தான். அதன் மகிமையை முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. சொன்னால் வாங்க மாட்டார் என்று அவனுக்குத் தெரியும். அவ்வையார் உண்டார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. நெஞ்சு நெகிழ்ந்து, விஷத்தைக் கண்டத்தில் அடக்கிய சிவபெருமானைப் போல நீ நிலைத்து வாழ வேண்டும் என்று வாழ்த்தினார்.

பாணர்களுக்கும் புலவர்களுக்கும் நெஞ்சுதான் ஏடு. எத்தனையோ ஊர், எத்தனையோ மன்னர், எத்தனையோ போர், அத்தனையும் பாட்டாக அவர்கள் தலைக்குள் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு தலையைக் காப்பாற்றத்தான் மன்னன் அந்தக் கனியைக் கொடுத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நெல்லியில் என்ன இருக்கிறது?

மன்னன் கதையை நிறுத்திவிட்டு வைத்தியம் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். பரீட்சைக் காலம் வந்தால் பிள்ளைக்கு ஞாபக சக்தி வளர என்ன கொடுக்கலாம் என்று கேட்காத தாய் இல்லை. கடையில் லேகியமும் மாத்திரையும் டானிக்கும் அடுக்கடுக்காக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூத்தது இந்த நெல்லிதான். சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலில் நெல்லியைக் கொண்டு செய்யும் சியவனப்பிராச லேகியம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆயுளும் அறிவும் நினைவாற்றலும் பெருகும் என்று அந்த நூல் சொல்கிறது. நம் ஊரில் வல்லாரைக் கீரைக்கும் அதே பெயர் உண்டு.

நெல்லியில் வைட்டமின் சி ஏராளம். ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு. அந்தச் சத்து அடியோடு குறைந்தால் சோர்வு வரும், ஈறில் ரத்தம் கசியும். ஆகவே நெல்லி நல்லது. ஆனால் சாவை ஓட்டும் சத்து எந்தக் கனியிலும் இல்லை. குறை எதுவும் இல்லாத ஒருவருக்கு மாத்திரை கொடுத்து ஞாபகத்தைக் கூட்டலாம் என்பதும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை.

குறை இருந்தால் விஷயம் வேறு. வைட்டமின் பி12 என்று ஒன்று இருக்கிறது. பால், முட்டை, மீன், இறைச்சியில் உண்டு. காய்கறியில் இல்லை. வயதானவர்களுக்கும், பால்கூட அதிகம் சேர்க்காத சைவர்களுக்கும் இது குறையலாம். குறைந்தால் மறதி வரும், மனம் வாடும், கைகால் மரத்துப் போகும். பாட்டிக்கு வயதாகிவிட்டது, அதனால் மறக்கிறாள் என்று நாம் விட்டுவிடுகிறோம். டாக்டரிடம் காட்டி ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். மாத்திரையோ ஊசியோ போட்டால் பல பேருக்குக் குணமும் ஆகும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. நாள்பட்டால் நரம்புக்கு வந்த கேடு தீராமலே போகலாம்.

காஞ்சிக்கு நடந்த தூது

தொண்டைமான் என்ற மன்னன் அதியமான் மீது படையெடுக்க நினைத்தான். அதியமான் தூது அனுப்பினான். யாரை? அவ்வையாரை!

தகடூர் எங்கே, தொண்டை நாட்டுத் தலைநகர் காஞ்சி எங்கே! இன்றைய சாலையில் 200 கிலோ மீட்டருக்கு மேல். அன்று பஸ் ஏது? தூது என்றால் நெடும்பயணம். புலவர், பாணர், விறலியர் எல்லாரும் யாழையும் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு மலை தாண்டி, ஆறு தாண்டி நடந்தே பிழைத்தவர்கள்.

தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைப் பெருமையோடு காட்டினான். அவ்வையார் சிரிக்காமல் புகழ்ந்தார். உன் வேல்கள் மயில்பீலி சூடி, நெய் பூசி, காவலுக்குள் பளபளவென்று இருக்கின்றன. அதியமான் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். குத்திக் குத்தி முறிந்தது யார் வேல், ஒரு நாளும் குத்தாதது யார் வேல் என்று தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும்!

இப்படி நடந்தவர்களின் நினைவு கூர்மையாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. நடைக்கும் மூளைக்கும் உள்ள உறவை இன்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2011-இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 120 முதியவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தார் வாரத்துக்கு மூன்று நாள், முடிவில் ஒவ்வொரு தடவையும் 40 நிமிடம் என்று ஓராண்டு நடந்தார்கள். மற்றவர்கள் கைகாலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். மூளையில் ஞாபகத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. வயதானால் அது சுருங்கும். நடந்தவர்களுக்கு அது 2 சதவிகிதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. மனச்சோர்வுக்கும் தேகப் பயிற்சி நல்லது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். சோர்வு கடுமையாக இருந்தால் நடை மட்டும் போதாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி. ஏரிக்கரையில் வேக நடை போதும். காசு செலவில்லை.

மார்பில் பாய்ந்த வேல்

அதியமான் வாழ்வில் மகிழ்ச்சியான ஒரு நாளை அவ்வையார் பாடி வைத்திருக்கிறார். போர்க்களத்திலிருந்து நேராக வந்து, பிறந்த மகனைப் பார்க்கிறான். கையில் வேல், காலில் கழல், மேலெல்லாம் வேர்வை. பிள்ளையைப் பார்த்த பிறகும் கண்ணின் சிவப்பு மாறவில்லையாம்!

அந்தச் சிவப்பு கடைசிவரை மாறவில்லை. மலையமான் காரியின் கோவலூரை அதியமான் பிடித்தான். பகை மூண்டது. பெருஞ்சேரல் இரும்பொறை என்ற சேர மன்னன் படை கொண்டு வந்து தகடூரை அழித்தான். அதியமான் மார்பில் வேல் பாய்ந்து மடிந்தான்.

அவ்வையார் இருந்தார். கனியைக் கொடுத்தவன் போய்விட்டான். உண்டவர் அழுதார்.

கொஞ்சம் கள் இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, நிறைய இருந்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் உண்பானே என்று நினைத்து அழுதார். வாசனை மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவானே என்று அழுதார். அவன் மார்பைத் துளைத்த வேல், பாணர்களின் சோற்றுப் பாத்திரத்தையும் துளைத்துவிட்டது என்றார்.

அவனுக்கு நடுகல் நட்டார்கள். கல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் வார்த்துப் படைத்தார்கள். மலையோடு ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சொட்டுக் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்டார் அவ்வையார்.

தர்மபுரிப் பக்கம் போனால் இன்றும் வயலோரத்தில் வீரர்களின் நடுகற்களைப் பார்க்கலாம். தர்மபுரி அருங்காட்சியகத்திலும் பல இருக்கின்றன. அவை பிற்காலத்தவை.

தகடூர்ப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு தனி நூலே இருந்தது. அது அழிந்துபோயிற்று. சில பாட்டுகளே மிச்சம். அவ்வையார் பாட்டுகள் மட்டும் வாய்வழி வந்து, ஓலை ஏறி, அச்சும் ஏறிவிட்டன.

பகைவன் மண்ணில் ஒரு கல்

அசோகச் சக்கரவர்த்தியின் கல்வெட்டு ஒன்றில் சோழர், பாண்டியர், சேரரோடு சத்தியபுத்திரர் என்று ஒரு பெயரும் வருகிறது. அவர்களுடைய நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்பாடு செய்ததாகவும், மூலிகையும் கிழங்கும் கனியும் இல்லாத இடங்களில் அவற்றைக் கொண்டுவந்து நடச் செய்ததாகவும் அதில் அசோகர் சொல்கிறார். அந்தச் சத்தியபுத்திரர் யார்? அறிஞர்கள் நெடுநாள் வாதாடினார்கள்.

1981-இல் விடை கிடைத்தது. திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊர். அங்கே குன்றின் மேல் ஒரு குகை. உள்ளே பழைய தமிழ் எழுத்தில் ஒரே ஒரு வரி. சத்தியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் இது என்பது அதன் பொருள். சத்தியபுத்திரர் அதியமானின் குலத்தார்தான் என்று அதிலிருந்து தெரிந்தது.

திருக்கோவலூர்தான் அந்தக் காலக் கோவலூர். அதியமான் போரிட்டுப் பிடித்த, காரியின் ஊர். அந்த மண்ணிலே, வழிப்போக்கர் துறவியர் தங்கிப் போக ஒரு குகையைக் கொடுத்திருக்கிறான். மழைக்கு ஒதுங்க இன்றும் அங்கே இடம் இருக்கிறது.