பாப்பனிகோலாவும் மேரியும்

பாப் ஸ்மியர் என்ற பெயரைக் கிளினிக் சுவரொட்டிகளில் நாம் பார்த்திருப்போம். கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை அது. அதிலுள்ள பாப் ஒரு மனிதரின் பெயர்ச் சுருக்கம் என்பது பல்கலைக்கழகம் வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

ஜார்ஜ் பாப்பனிகோலாவ் 1883-ஆம் ஆண்டு கிரேக்க நாட்டின் கிமி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையைப் போலவே மருத்துவம் பயின்றார். மனமோ ஆராய்ச்சியில் நின்றது. 1913-இல் மனைவி மேரியுடன் நியூயார்க் வந்திறங்கினார். ஆங்கிலம் சரியாக வராது. பட்டம் பெற்ற மருத்துவர் கடையில் தரைவிரிப்பு விற்றார். மேரி பொத்தான் தைத்தார். கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களான நமக்கு இது புதிய கதையா என்ன?

அடுத்த ஆண்டே கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தது. மேரி சம்பளமின்றி அவருடைய ஆய்வுக்கூட உதவியாளரானார். கினிப் பன்றிகளின் உயிரணுக்களை ஆராய்ந்தவர், பெண்களின் உயிரணுக்களையும் ஆராய விரும்பினார். அக்காலத்தில் எந்தப் பெண் முன்வருவாள்? மேரி முன்வந்தார். ஆண்டுக்கணக்கில் தம் உடலிலிருந்தே மாதிரி கொடுத்தார். நோயற்ற பெண்ணின் உயிரணு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே, மாறிப்போனதை நுண்ணோக்கியில் இனங்காண முடியும்! இந்தக் கண்டுபிடிப்பில் பாதி மேரியுடையது என்பேன்.

1928-இல் மிச்சிகனில் நடந்த மாநாட்டில் தம் முடிவை அறிவித்தார். மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. ஹெர்பர்ட் டிராட் என்ற மருத்துவருடன் இணைந்து 1941-இல் கட்டுரையும் 1943-இல் நூலும் வெளியிட்ட பிறகே நிலைமை மாறியது. 1962-இல் பாப்பனிகோலாவ் காலமானார், மேரி 1982-இல்.

இந்நோய் முற்றப் பல ஆண்டுகள் பிடிக்கும். வலியோ இரத்தப்போக்கோ தோன்றும் முன்பே உயிரணுவில் மாற்றம் தெரிந்துவிடும், அந்நிலையிலேயே அகற்றிவிடலாம். ஆகவே, இது நலமாக இருக்கும் பெண்களுக்கான பரிசோதனை. நம் வீடுகளில் இதுதான் சிக்கல். எனக்கு ஒன்றுமில்லையே, எதற்குப் போக வேண்டும் என்பார் என் அத்தை. உண்மையில் அவரைத் தடுப்பது கூச்சம். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலேசியப் பள்ளிகளில் 13 வயது மாணவியருக்கு 2010 முதல் எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. ஊசி போட்டவர்களுக்கும் பின்னாளில் பரிசோதனை தேவை. அந்தக் கிருமியையே தேடும் புதிய பரிசோதனையில் பெண்ணே தனியறையில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கிய ரோஸ் திட்டம் இவ்வழியில்தான் நடக்கிறது. அத்தையிடம் இதைச் சொன்னேன். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.