ஒட்டாத சுவரும் ஒட்டவைத்த மனிதரும்



எல்லாத் துறைக்கும் பொதுவான நம் ஒர்க்‌ஷாப் சுவரில் பாதுகாப்புப் பலகைகள் மாட்டிய கதை உங்களில் பலருக்குத் தெரியும். மாட்டினோம் என்பதைவிட, மாட்டியவை விழுந்தன என்று சொல்வதே பொருத்தம். கண்ணாடி அணிக, காலணி அணிக, சக் சாவியை எடுத்துவிட்டு லேத்தை ஓட்டுக என்று ஏழு பலகைகள். சுவரில் டிரில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எந்தப் பசை தாங்கும் என்று சோதித்துப் பார்க்கும் வேலை எங்கள் நால்வருக்கு வந்தது.

தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை முதலில் தடவினோம். மூன்று நாள் கழித்தும் பலகைக்குப் பின்னால் ஈரமாகவே இருந்தது. அந்தப் பசை காய வேண்டுமானால் அதிலுள்ள தண்ணீர் வெளியேற வழி வேண்டும். பிளாஸ்டிக் பலகையில் அதற்கு ஏது வழி? அடுத்து செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் மஞ்சள் ரப்பர் பசை. அது நன்றாகவே பிடித்தது. இரண்டாம் நாளே நான் நோட்டில் 'திருப்தி' என்று எழுதிவிட்டேன். ரெக்கார்டு எழுதிப் பழகிய கை அல்லவா, முடிவு தெரியும் முன்பே எழுதிவிடும்! அன்று இரவே சக் சாவிப் பலகை லேத்தின் மேல் விழுந்து கிடந்தது. பகலில், மெஷின் ஓடும்போது, யாராவது குனிந்து நிற்கும்போது விழுந்திருந்தால்? நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

பசைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள நூலகம் போனபோதுதான் ரிச்சர்ட் ட்ரூ என்ற மனிதரைச் சந்தித்தேன். பெயர் நமக்குப் புதிது. ஆனால் அவர் கண்டுபிடித்ததைத் தொடாத மாணவர் நம்மில் ஒருவரும் இல்லை. நாம் செல்லோ டேப் என்று சொல்லும் அந்தக் கண்ணாடி நாடாவுக்கும், பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்புக்கும் தந்தை அவர்தான்.

ரிச்சர்ட் ட்ரூ 1899-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரில் பிறந்தார். இளமையில் பாஞ்சோ என்ற தந்திக் கருவியை நடன அரங்குகளில் வாசித்துச் சம்பாதித்தார். அந்தப் பணத்தில்தான் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தார். படிப்பை முடிக்க முடியவில்லை. பாதியில் வெளியே வந்தவர், இயந்திர வடிவமைப்பை அஞ்சல் வழியில் படித்தார். பட்டம் இல்லை என்று அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை.

1921-இல் செயின்ட் பால் நகரிலிருந்த ஒரு கம்பெனியில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. இன்று 3எம் என்று உலகம் அறிந்த கம்பெனி அது. அப்போது அவர்கள் செய்தது உப்புத்தாள் மட்டுமே. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளை, நம் பெயிண்டர்கள் வாட்டர் பேப்பர் என்கிறார்களே அதை, அப்போதுதான் கொண்டுவந்திருந்தார்கள். அதைக் கார் பெயிண்ட் அடிக்கும் பட்டறைகளுக்கு எடுத்துப் போய், கொடுத்துச் சோதித்துவிட்டு வருவதுதான் ட்ரூவின் வேலை. தாளைக் கொடுத்தோமா, கேட்டு எழுதினோமா, திரும்பினோமா என்று அவர் இருந்திருக்கலாம்.

அந்தக் காலத்தில் காருக்கு இரண்டு நிறம் அடிப்பது நாகரிகம். ஒரு நிறம் அடித்து, அதைக் காகிதத்தால் மூடி, மறு நிறம் அடிக்க வேண்டும். மூடும் காகிதத்தைப் பசையாலோ, காயத்துக்கு ஒட்டும் மருத்துவப் பிளாஸ்திரியாலோ ஒட்டுவார்கள். பிறகு அதைப் பிய்த்தால் கூடவே பெயிண்டும் பிய்ந்து வரும். நாள் முழுக்கச் செய்த வேலை பாழ். 1923-இல் ஒரு பட்டறைக்குள் ட்ரூ நுழைந்தபோது, ஒரு பெயிண்டர் இதற்காகத்தான் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார். ட்ரூ காதைப் பொத்திக்கொண்டு போகவில்லை. நின்று கேட்டார். இதற்கு ஒரு வழி செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். பசையைப் பற்றி அன்று அவருக்கு ஒன்றும் தெரியாது!

வாக்குக் கொடுப்பது சுலபம். செய்வது? அந்த நாடா ஒட்டவும் வேண்டும், பெயிண்டையும் பிய்க்காமல், பிசுக்கும் விடாமல் வரவும் வேண்டும். பெயிண்ட் அதற்குள் ஊறக் கூடாது. சுருட்டி வைத்தால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளக் கூடாது. காரின் வளைவில் மடிந்து கொடுக்க வேண்டும். எண்ணெய், பிசின் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடியது. உப்புத்தாள் வேலையை மட்டும் பார் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ட்ரூ கேட்கவில்லை. நாடா செய்ய ஒரு இயந்திரம் வேண்டுமென்று கேட்டபோதும் மறுத்துவிட்டார்கள். 100 டாலர் வரை தன் கையெழுத்திலேயே வாங்கும் அதிகாரம் அவருக்கு இருந்ததாம். அதனால் தொகையை அதற்குக் குறைவான சின்னச் சின்ன பில்களாகப் பிரித்து வாங்கிவிட்டார் என்று சொல்வார்கள். அவரைத் தடுத்த அதே மக்நைட் என்ற தலைவர் பின்னாளில் இதை அறிந்தும் வேலையை விட்டு நீக்கவில்லை. தேடுகிறவனை அவன் வழியில் விட வேண்டும் என்று அந்தக் கம்பெனியே பிற்பாடு கற்றுக்கொண்டது.

கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? தச்சர்களின் பசைதான். அது காய்ந்து இறுகிவிடாமல் கிளிசரின் சேர்த்து, சுருக்கம் வைத்த கிரேப் காகிதத்தில் பூசினார். சுருக்கம் இருப்பதால் வளைவில் இழுபடும். 1925-இல் மாஸ்கிங் டேப் பிறந்தது. முதலில் கொடுத்த மாதிரியில் ஓரங்களில் மட்டும் பசை. அது காரில் நிற்காமல் விழுந்தது. பசையில் கஞ்சத்தனம் செய்கிறார்கள் என்று கோபப்பட்ட பெயிண்டர் ஒருவர், உங்கள் ஸ்காட் முதலாளிகளிடமே திருப்பிக் கொடு என்று திட்டினாராம். ஸ்காட்லாந்துக்காரர்கள் கஞ்சர்கள் என்று அங்கே ஒரு கேலி உண்டு. அந்த வசவே ஸ்காட்ச் டேப் என்று உலகப் பெயராகிவிட்டது! ட்ரூ கோபித்துக்கொண்டாரா? இல்லை. போய் முழு அகலத்துக்கும் பசை பூசிக்கொண்டு வந்தார்.

அடுத்தது செலோஃபேன். கண்ணாடி போன்ற அந்தத் தாளில் பசை பூசினால் நல்ல நாடா கிடைக்குமே என்று 1929-இல் அவருக்குத் தோன்றியது. ஆனால் அந்தத் தாள் சூட்டில் சுருண்டது, மெஷினில் கிழிந்தது, பசையும் சமமாகப் பரவவில்லை. பசைக்கு முன்னால் பிரைமர் ஒரு கோட்டிங் கொடுத்த பிறகுதான் பரவி நின்றது. 1930 செப்டம்பரில் முதல் சுருளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். உணவுப் பொட்டலம் ஒட்டத்தான் அதைச் செய்தது. ஆனால் அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். புதிது வாங்கப் பணமில்லாத ஏழை மக்கள் கிழிந்த புத்தகத்தையும் உடைந்த பொருளையும் அதைக் கொண்டு ஒட்டிப் பிழைத்தார்கள். நாடா வாழ்ந்தது, கம்பெனியும் வாழ்ந்தது.

பிற்காலத்தில் ட்ரூ தனி ஆய்வகம் ஒன்றை நடத்தினார். மற்ற இடங்களில் ஒத்துப்போகாத இளைஞர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார். மருத்துவமனையில் ஒட்டும் காகித நாடா அங்கே வளர்ந்ததுதான். 1962-இல் ஓய்வு பெற்றார். 1980 டிசம்பர் 14-இல் கலிபோர்னியாவில் மறைந்தார். 2007-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்கள் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இதுதான். என் அப்பா சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிறவர். முப்பது வருடமாகச் சுவரைத் தொட்டுப் பிழைக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். ஒரு சுவரில் என்ன ஒட்டும் என்று நூலகத்தில் தேடினேனே தவிர, வீட்டில் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. ட்ரூ முன்பின் தெரியாத பெயிண்டரிடம் நின்று கேட்டார். நான் பெற்ற தகப்பனிடம் கேட்கவில்லை.

மறுநாள் விழுந்த பலகையை அப்பாவிடம் காட்டினேன். திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தை விரலால் தேய்த்தார். விரலெல்லாம் வெள்ளை. பசை நல்லாத்தான் பிடிச்சிருக்கு, சுவரைப் பிடிக்கலை, மேலே இருக்கிற சுண்ணாம்பைப் பிடிச்சிருக்கு என்றார். சுண்ணாம்பைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர் ஒரு கை அடித்து, அதற்கப்புறம் ஒட்டு என்று சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிரைமர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ட்ரூவின் செலோஃபேன்தான் ஞாபகம் வந்தது.

அப்படியே செய்தோம். இந்த முறை பலகையை உடனே ஒட்டவில்லை. சின்னச் சின்ன துண்டுகளை ஒட்டி, நட்டு போல்ட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஒரு வாரம் காத்திருந்தோம். எது எந்த நாளில் விழுந்தது என்று விழுந்த பிறகே எழுதினேன். ரப்பர் பசை போட்ட துண்டுகள் நின்றன. அதைக்கொண்டே ஏழு பலகையையும் ஒட்டினோம். இதை எழுதும் நாள் வரை ஏழும் சுவரில் இருக்கின்றன. நோட்டில் நான் எழுதிய பழைய 'திருப்தி'யை அடித்துவிட்டு, பக்கத்தில் 'விழுந்தது' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, டிப்ளமோதானே என்று நம்மை யாராவது குறைத்துப் பேசினால் ரிச்சர்ட் ட்ரூவை நினைத்துக்கொள்ளுங்கள். நாமும் யாரையும் குறைத்து நினைக்காமல் இருப்போம். பட்டறையில் திட்டிக்கொண்டிருப்பவரிடம் ஒரு கண்டுபிடிப்பு இருக்கலாம். நின்று கேட்போம், சோதித்துப் பார்ப்போம், விழுந்தால் விழுந்தது என்றே எழுதுவோம்!