புனித வின்சென்ட் தே பவுலும் 1617-ஆம் ஆண்டும்

ஏழைகளின் தந்தை எனப் புனித வின்சென்ட் தே பவுலை நாம் போற்றுகிறோம். ஆனால் 1600-இல் குருப்பட்டம் பெற்றபோது, நல்ல வருமானமுள்ள பதவியையே அவர் தேடினார். அவரை மாற்றிய ஆண்டு 1617.

அப்போது அவர் பிரான்சில் கோந்தி பிரபுவின் இல்லத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியர். சனவரியில், சாகும் தறுவாயிலிருந்த குடியானவர் ஒருவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். நல்லவரென ஊரார் மதித்த அம்மனிதர், வெட்கத்தால் சில பாவங்களை ஆண்டுக்கணக்காய் மறைத்து வந்தவர். சனவரி 25 அன்று ஃபோல்வீல் ஆலயத்தில் வின்சென்ட் முழுமையான பாவசங்கீர்த்தனம் பற்றிப் பிரசங்கித்தார். திரண்டு வந்தோருக்காக ஆமியேன் நகரிலிருந்து சேசு சபைக் குருக்களை அழைக்க வேண்டியதாயிற்று.

ஆகஸ்டில் ஷாத்தியோன் பங்கை ஏற்றார். ஒரு ஞாயிறன்று திருப்பலிக்கு ஆயத்தமாகையில், ஊருக்கு வெளியே ஒரு குடும்பமே நோயுற்றுக் கிடப்பதாக அறிந்து, அதைப் பிரசங்கத்தில் எடுத்துரைத்தார். பின்னர் அவரும் அங்கே சென்றபோது, வழியெல்லாம் உதவி செய்யப் போகும் பெண்கள்! மகிழ்ந்தார், கவலையும் கொண்டார். இன்று குவியும் உணவு வீணாகிவிடும். நாளை அவர்கள் பட்டினி கிடப்பர். அன்பு இருந்தது, ஒழுங்கு இல்லை. ஆகவே ஆகஸ்டு 23-இல் சில பெண்களைக் கூட்டி, நாளுக்கொருவர் என முறைவைத்தார். அந்தப் பிறரன்புச் சபை டிசம்பர் 8-இல் முறைப்படி நிறுவப்பெற்றது. அம்மாதமே அவர் பாரிஸ் திரும்பினார்.

1660-இல் இறக்கும்வரை அவர் ஆற்றிய பணிகளுக்கெல்லாம் அந்த ஓராண்டே வித்து. 1833-இல் பாரிசில் தோன்றிய வின்சென்ட் தே பவுல் சபையும் அவர் பெயரையே தாங்குகிறது.

நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம்: நமது தருமம் திருநாளில் மட்டும் குவிகிறதா, நாள்தோறும் ஏழையின் வாசலை எட்டுகிறதா?